மணற்றிட்டுகளின் புதிரும் வரலாற்றுச் சான்றும்

புனைகதையை வரலாற்றிற்குச் சான்றாகக் கொள்ளலாமோ என்னும் வினா இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கும் வரலாற்றாசிரியர்க்கும் பொதுவானது. ஒரு நூல் தான் தோன்றிய காலத்தின் எண்ணங்களையும் அச்சங்களையும் காட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்நூலே பின்வந்த நிகழ்ச்சிகளுக்குக் காரணமாயிற்று என்று கூறப்புகுமிடத்து நாம் பெரிதும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். முன்னது காட்சி, பின்னது காரணம். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கினால் இலக்கிய வரலாறும் பிழைபடும். நாட்டு வரலாறும் பிழைபடும். இவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாக எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி ரிடில் ஆப் தி சாண்ட்ஸ்’ என்னும் ஆங்கிலப் புதினத்தை இக்கட்டுரையில் ஆராய்வோம். ‘மணற்றிட்டுகளின் புதிர்’ எனத் தமிழில் இதனைப் பெயர்த்து வழங்கலாம். ‘இரகசியப் பணியின் பதிவு’ என்னும் பொருள்பட அமைந்தது இதன் துணைத்தலைப்பு. நாடுகளுக்கிடையே நிகழும் ஒற்றாடலைத் துப்பறியும் கதையாக அமைத்த முன்னோடி நூல்களுள் இது தலைமையானதாக எண்ணப்படுகிறது.

1. ஆசிரியர்

சில்டர்ஸ் 1870-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் இராபர்ட் சீசர் சில்டர்ஸ் கீழை மொழி ஆராய்ச்சியாளர்க்கு நன்கு அறிமுகமானவர். 1860 முதல் 1864 வரை இலங்கை அரசுப் பணியில் இருந்து, ஆங்குப் பாலி மொழியில் ஈடுபாடு கொண்டு, பின்னர்ப் பாலி–ஆங்கில அகராதியை 1872–1875-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டவர் அவரே. 1876-இல் அவர் காசநோயால் மறைந்தபின், மக்கள் அயர்லாந்தில் விக்லோ மாவட்டத்திலுள்ள தாய்வழி உறவினர் இல்லத்தில் வளர்ந்தனர். ஆங்கிலத் தந்தை, அயர்லாந்துத் தாய் என்னும் இவ்விரு வழிப் பிறப்பு சில்டர்சின் வாழ்வு முழுவதையும் தொடர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கேம்பிரிட்ஜில் கல்வி முடித்த அவர் 1895 முதல் பிரிட்டானியப் பொதுமக்கள் அவையில் எழுத்தராகப் பணியாற்றினார். ஓய்வுக் காலங்களில் சிறு பாய்மரப் படகில் கடலோடுதல் அவர்க்குப் பெருவிருப்பு. 1897-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ‘விக்சன்’ என்னும் படகில் ஜெர்மனியின் வடகடற்கரையை ஒட்டிய பிரிசியத் தீவுகளையும் பால்டிக் கடற்பகுதியையும் சுற்றி வந்தார். அப்பயணத்தில் அவர் எழுதிவைத்த குறிப்புகளே ஐந்தாண்டுகளுக்குப் பின் புதினத்திற்கு மூலப்பொருளாயின. 1900-இல் தென்னாப்பிரிக்கப் போரில் தொண்டராகச் சேர்ந்து பீரங்கிப் படையில் பணிபுரிந்தமையும் அவர்தம் எண்ணத்தை உருவாக்கியவற்றுள் ஒன்றாகும்.

2. கதைப்பொருள்

அயல்நாட்டு அமைச்சகத்தில் பணிபுரியும் காருதர்ஸ் என்னும் இளைஞன், நெடுநாள் தொடர்பற்றிருந்த டேவீஸ் என்னும் நண்பனின் அழைப்பை ஏற்றுப் பால்டிக் கரைக்குச் செல்கின்றான். ஆங்கு அவன் எதிர்பார்த்த சொகுசுக் கப்பல் இல்லை. பழைய உயிர்காப்புப் படகைத் திருத்தியமைத்த ‘டல்சிபெல்லா’ என்னும் சிறு கலமே உளது. டேவீஸ் தன் உள்ளத்தை உறுத்தும் செய்தியை மெல்ல வெளியிடுகின்றான். டால்மன் என்னும் ஒருவன், புயற்காலத்தில் குறுக்குவழி காட்டுவதாகக் கூறித் தன்னை மணற்றிட்டுகளிடையே கொண்டுசென்று கைவிட்டு அழிக்க முயன்றான் என்பதே அச்செய்தி. ஜெர்மானியனாக விளங்கும் அவன் உண்மையில் ஆங்கிலேயனாதல் வேண்டும் என்பது டேவீசின் ஐயம். பொழுதுபோக்காகப் படகோட்டும் ஒருவனைக் கொல்ல முயல்வதற்குக் காரணம் யாது? இவ்வொரு வினாவினின்றே கதை முழுவதும் விரிகின்றது.

பிரிசியக் கரையின் இயல்பை இங்குச் சிறிது விளக்குதல் வேண்டும. போர்க்கும், யூயிஸ்ட், நோர்டர்னி, பால்ட்ரும், லாங்கியோக், ஸ்பீக்கரோக், வாங்கரோகா எனத் தீவுகள் கரைக்கு இணையாக வரிசையாக அமைந்துள்ளன. தீவுகட்கும் நிலத்திற்கும் இடையே கிடப்பது ஆழமற்ற கடல். ஓதம் ஏறுங்கால் முழுவதும் நீர். ஓதம் வற்றுங்கால் பல கல் தொலைவுக்கு மணற்பரப்பு. இடையே வளைந்து நெளிந்து ஓடும் சில கால்வாய்களே கலம் செல்லும் வழி. எம்ஸ், யாடே, வேசர், எல்பு ஆகிய ஆறுகளின் முகத்துவாரங்கள் இக்கரையிலேயே உள்ளன. ஜெர்மானியக் கடற்படையின் பெருந்தளமாகிய வில்ஹெல்ம்ஸ்ஹாபன் யாடே விரிகுடாவில் அமைந்தது. இவ்விடத்தை அறிந்தவன், போர்க்காலத்தில் ஒரு கடற்படைக்கு ஒப்பானவன் என்பது டேவீசின் கொள்கை.

3. துப்பறியும் முறை

இந்நூலின் சிறப்பு அதன் துப்பறியும் முறையில் உளது. கொலையோ களவோ இங்கில்லை. துப்பறிவோன் என்று பெயர் பெற்றவனும் இல்லை. ஓத அட்டவணையும், கடல் வரைபடமும், திசைகாட்டியும், புகைவண்டி நேர அட்டவணையுமே தடயங்கள். ஆசிரியர் நூலுடன் நிலப்படங்களையும் கடற்படங்களையும் சேர்த்தே வெளியிட்டமையால், படிப்பவரும் உடனிருந்து ஆராய்தல் கூடும்.

முதலில் டேவீஸ் ஒரு கருதுகோளை அமைக்கின்றான்: மணற்றிட்டுகளிடையேயுள்ள கால்வாய்களைச் சிறு போர்க்கலங்கள் பயன்படுத்துதற்கு ஜெர்மானியர் ஆயத்தம் செய்கின்றனர் என்பது அது. மெமர்ட் என்னும் சிறு மணற்றீவில் மூழ்கிய கப்பலின் புதையலை எடுப்பதாகக் கூறிக்கொண்டு ஒரு கூட்டம் இயங்குகின்றது. அதன் உண்மையை அறிய இருவரும் அடர்ந்த மூடுபனியில், டேவீஸ் திசைகாட்டியை நோக்கி வழிநடத்தக் காருதர்ஸ் துடுப்பு வலிக்க, பல கல் தொலைவு சிறு தோணியில் செல்லும் பகுதி ஆங்கிலக் கடற்கதைகளுள் புகழ்பெற்றது. ஆங்குக் காருதர்ஸ் ஒளிந்திருந்து கேட்பவை முழு உரையாடல்கள் அல்ல, அறுந்த சொற்களே. அவை முதற் கருதுகோளுக்குப் பொருந்தவில்லை.

பின்னர் அவன் இங்கிலாந்துக்குத் திரும்புவதாக நடித்து, ஆம்ஸ்டர்டாமிலிருந்து மாறுவேடத்தில் மீண்டு வந்து, புகைவண்டி வழியாக எசன்ஸ், பென்சர்சீல் ஆகிய ஊர்ப்புறங்களை ஆராய்கின்றான். கடலணையில் மதகுடன் அமைந்த வடிகால் வாய்களை அந்நாட்டார் ‘சீல்’ என்பர். இத்தகைய ஏழு வாய்களையும் நிலப்படத்தில் காணும்போதே உண்மை புலனாகின்றது. மறைபொருள் கடலில் இல்லை. கடலுக்குப் பின்னேயுள்ள நிலத்தில் உளது. அடித்தட்டையான பாரப்படகுகளில் படைவீரரை ஏற்றி, இவ்வேழு வாய்களினின்றும் இழுவைக்கப்பல்களால் இழுத்துச் சென்று, காவலற்ற இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இறக்குவதே திட்டம். இதற்கான ஒத்திகை ஒன்றில் காருதர்ஸ் ஒளிந்து உடன்செல்கின்றான். அக்கலத்தில் ஜெர்மானியப் பேரரசரே இருப்பதாகக் கதை குறிப்பிற் புலப்படுத்துகின்றது. டால்மன் என்பவன் ஆங்கிலக் கடற்படையில் அலுவலனாயிருந்து பகைவர்பால் சேர்ந்தவன் என்பதும் வெளியாகின்றது. அவன் இறுதியில் கடலில் மறைந்து உயிர் விடுகின்றான்.

தான் முதலிற் கொண்ட கருத்தைச் சான்று மறுக்குமாயின் அதனைக் கைவிட்டு வேறு கருத்தை நாடுதல் இக்கதையின் உயிர்நாடி என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இந்நூலைப் பற்றி ஆராய்வோர் எல்லாரும் இதே நெறியைப் பின்பற்றினர் என்று கூறுதற்கில்லை.

மற்றொன்றும் இங்குக் குறிக்கத்தகும். திருக்குறளில் ஒற்றாடல் அரசனின் கடமைகளுள் ஒன்றாகப் பொருட்பாலில் வைக்கப்பட்டது. ஒற்றன் அரசனால் விடுக்கப்படுபவன். சில்டர்சின் புதினத்திலோ ஒற்றாடுபவரை எவரும் விடுக்கவில்லை. அரசு உறங்குகின்றது என்று கருதிய இரு குடிமக்கள் தாமே அப்பணியை மேற்கொள்கின்றனர். அரசுப் பணியாயிருந்த ஒற்று குடிமகனின் நாட்டுப்பற்றாக மாறுமிடத்தில் இந்நூல் நிற்கின்றது.

4. காலச்சூழல்

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடற்பகைவராக எண்ணப்பட்டவர் பிரெஞ்சுக்காரரும் உருசியருமே. சாத்தம், போர்ட்ஸ்மத், பிளிமத் முதலிய தளங்கள் யாவும் தெற்கையும் தென்கிழக்கையும் நோக்கி அமைந்தமைக்கு இதுவே காரணம். அயலார் படையெடுப்பைக் கதையாக்கும் வழக்கம் ஜார்ஜ் செஸ்னி 1871-இல் எழுதிய ‘டார்க்கிங் போர்’ என்னும் கதையால் பெருகிற்று. எனினும் ஜெர்மனியின் கடற்படைச் சட்டங்கள் 1898-இலும் 1900-இலும் நிறைவேறிய பின்னரே வடகடல் ஆங்கிலேயர் கருத்தில் பெரிதாக இடம்பெறலாயிற்று. 1895-இல் கீல் கால்வாய் திறக்கப்பட்டமையால் பால்டிக் கடற்படை வடகடலுக்கு எளிதில் வரும் வாய்ப்பும் ஏற்பட்டிருந்தது. ஆயினும் 1902-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் இணைந்தே வெனிசுவேலாவின் துறைமுகங்களை முற்றுகையிட்டன. பிரான்சுடன் இங்கிலாந்து உடன்பாடு செய்துகொண்டது 1904-இலேயே. ஆகவே, பகைவர் யார் என்னும் எண்ணம் மாறிக்கொண்டிருந்த இடைவேளையில் இப்புதினம் பிறந்தது என்று துணியலாம்.

கதையில் வரும் ஜெர்மானியரை ஆசிரியர் இழித்துரைக்கவில்லை. வான் புரூனிங் என்னும் ஜெர்மானியக் கடற்படை அலுவலன் நற்பண்புடையவனாகவே காட்டப்படுகின்றான்; பேரரசரைப் பற்றியும் டேவீஸ் மதிப்புடன் பேசுகின்றான். இழிவு முழுவதும் தன் நாட்டைக் காட்டிக்கொடுத்த ஆங்கிலேயனுக்கே உரியது. இந்நடுநிலை பின்வந்த கதைகளில் காணற்கரியது.

5. கடற்படைத் தளம் பற்றிய கூற்று

இனி, இந்நூலைப் பற்றிப் பலரும் வழிவழியாகக் கூறிவரும் ஒரு செய்தியை ஆராய்வோம். இப்புதினம் எழுப்பிய அச்சத்தாலேயே இங்கிலாந்து அரசு வடகடலை நோக்கிக் கடற்படைத் தளங்களை அமைத்தது என்பது அக்கூற்று. ரோசைத், இன்வர்கார்டன், ஸ்காபா புளோ ஆகிய இடங்களின் பெயர்களைக் குறித்தும், வின்ஸ்டன் சர்ச்சிலின் பெயரைச் சார்த்தியும் இதனைக் கூறுவர்.

இக்கூற்றை மறுக்கும் சான்று வேறெங்கும் இல்லை, அந்நூலுக்குள்ளேயே உளது. நூலின் இறுதியில் ஆசிரியர் ஒரு பின்குறிப்பைச் சேர்த்துள்ளார். நூல் அச்சிலிருக்கும்போதே, தாம் சுட்டிய குறைகள் சிலவற்றை நீக்க அரசு நடவடிக்கை எடுத்துவிட்டது என்றும், நாட்டுக் காப்புக்கெனக் குழு அமைந்தது என்றும், போர்த் ஆற்று முகத்துவாரத்தில் புதிய வடகடல் தளத்திற்கு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும் அவரே அதில் எழுதுகின்றார். போர்த் முகத்துவாரத்திலுள்ள அவ்விடமே ரோசைத். அம்முடிவு 1903 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. நூல் வெளிவந்தது 1903 மே மாதத்தில். முன் நிகழ்ந்ததற்குப் பின் நிகழ்ந்தது காரணமாதல் எங்ஙனம்? மேலும், ரோசைத்தில் கட்டட வேலை தொடங்கியது 1909-இல். 1914-இல் போர் மூண்டபோதும் அது முற்றுப்பெறவில்லை. நூலைப் படித்து நடுங்கிய அரசின் விரைவு இதுவன்று.

அவ்வாறாயின் நூலுக்குப் பயனே இல்லையோ எனின், அற்றன்று. கடற்படை உளவுத்துறை இப்புதினத்தின் திட்டத்தைப் பொருட்படுத்தி ஆராய்ந்தது. ஆழமற்ற நீர், போதாத இருப்புப்பாதை, படையேற்றுதற்குரிய துறைகளின் குறைவு ஆகியவற்றால் அத்திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்னும் முடிவிற்கு வந்தது. ஜெர்மானியக் கடற்படைத் தலைமையோரும் 1890-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின்மீது படையிறக்குதலைப் பற்றி எண்ணிப் பார்த்துக் கைவிட்டனர் என்பது பிற்கால ஆவண ஆராய்ச்சியால் தெரிகின்றது. எனவே, சில்டர்ஸ் அறிந்து கூறிய மறை எதுவும் இல்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா பொருளற்றதும் அன்று. அரசு ஏற்கெனவே சென்றுகொண்டிருந்த வழியை மக்கள் கண்ணுக்குப் புலப்படுத்தியதே இந்நூலின் பணி. காரணம் என்று கூறுவதைவிட அடையாளம் என்று கூறுவதே பொருந்தும்.

6. கதையைப் பின்பற்றிய ஒற்றர்

மற்றொரு நிகழ்ச்சியில் கதைக்கும் நடப்பிற்கும் உள்ள தொடர்பு தெளிவாகவே உளது. 1910 ஆகஸ்டில் பிரிட்டானியக் கடற்படையைச் சேர்ந்த பிராண்டன், கடற்படைக் காலாட்படையைச் சேர்ந்த டிரெஞ்ச் என்னும் இரு அலுவலர், விடுமுறைப் பயணிகளைப் போலப் பிரிசியக் கரையைச் சுற்றிக் காவலரண்களைக் குறித்துக்கொண்டு வருங்கால் பிடிபட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் லைப்சிக் நகரிலுள்ள உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடைபெற்றது. சில்டர்சின் புதினத்தைப் பற்றிய வினாவும் அங்கு எழுந்தது. அதனைத் தாம் படித்துள்ளதைப் பிராண்டன் ஒப்புக்கொண்டார். இருவர்க்கும் நான்காண்டுக் கோட்டைச்சிறை விதிக்கப்பட்டது. 1913-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், பேரரசரின் மகள் திருமணத்திற்குப் பெர்லின் சென்றபோது அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

கதையில் டேவீசும் காருதர்சும் செய்ததை ஏழாண்டுகளுக்குப் பின் இருவர் மெய்யாகச் செய்தனர். ஆனால் டேவீஸ் தன் விருப்பால் சென்றவன். இவர்களோ அரசின் உளவுத்துறைக்காகச் சென்றவர்கள். ஒற்றாடல் மீண்டும் அரசின் கைக்கே சென்றுவிட்டது.

7. ஒற்றர் அச்சமும் சட்டமும்

சில்டர்சின் நூலுக்குப்பின் இவ்வகைக் கதைகள் மலிந்தன. வில்லியம் லெ கியூ எழுதிய ‘1910-ஆம் ஆண்டுப் படையெடுப்பு’ 1906-இல் ‘டெய்லி மெயில்’ நாளிதழில் தொடராக வந்தது. அவரே 1909-இல் ‘கெய்சரின் ஒற்றர்கள்’ என்னும் நூலையும் வெளியிட்டார். ஓத அட்டவணையும் நிலப்படமும் கொண்டு அமைந்த துப்பறிவு இவற்றில் இல்லை. உணவு விடுதிப் பணியாளனும் முடி திருத்துவோனும் ஒற்றர் என்னும் அச்சமே உண்டு. அவ்வச்சம் அரசையும் பற்றிற்று. 1909-இல் போர் அமைச்சர் ஹால்டேன் தலைமையில் ஆராய்ந்த குழு, ஜெர்மானிய ஒற்றாடல் நாட்டில் பரவியுள்ளது என முடிவு செய்தது. அதன் விளைவாக அவ்வாண்டு அக்டோபரில் வெர்னன் கெல், மான்ஸ்பீல்டு கம்மிங் ஆகியோரைக் கொண்டு ஓர் இரகசியப் பணிச் செயலகம் தோன்றியது. பிற்காலத்து எம்.ஐ.5, எம்.ஐ.6 ஆகிய இரு துறைகட்கும் தாய் இதுவே. ஜெர்மனி அந்நாளில் இங்கிலாந்தில் வைத்திருந்த ஒற்றர் சிலரே என்பதும், அவர்கள் பெரும்பாலும் கடற்படைச் செய்திகளையே நாடினர் என்பதும் பின்னர்த் தெளிவாயின.

1911 ஆகஸ்டில் அலுவல் மறைபொருட் சட்டம் பொதுமக்கள் அவையில் ஒரே நாளில், ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த பொழுதில் நிறைவேறியது. இந்தியாவில் 1923-இல் இயற்றப்பட்ட அலுவல் மறைபொருட் சட்டம் இதன் வழிவந்ததே. ஆகவே, இவ்வச்சத்தின் விளைவு இங்கிலாந்தின் எல்லையோடு நின்றுவிடவில்லை.

8. ஆசிரியரின் இறுதி

சில்டர்சின் பிற்கால வாழ்வு புதினத்தினும் வியப்பானது. அயர்லாந்தின் தன்னாட்சி உரிமையில் அவர் படிப்படியாக ஈடுபாடு கொண்டார். 1914 ஜூலை 26-ஆம் நாள் தம் மனைவியுடன் ‘அஸ்கார்டு’ என்னும் பாய்மரக் கலத்தில் 900 துப்பாக்கிகளை அயர்லாந்தின் ஹோத் துறையில் கொண்டுவந்து இறக்கினார். அத்துப்பாக்கிகள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கப்பட்டவை. அடுத்த மாதமே போர் மூள, வடகடற்கரையை நன்கறிந்தவர் என்னும் காரணத்தால் பிரிட்டானியக் கடற்படை அவரை அழைத்துக்கொண்டது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் கக்ஸ்ஹாபன்மீது நடந்த கடல்விமானத் தாக்குதலில் வழிகாணுநராக அவர் பறந்தார். பதினேழு ஆண்டுகட்கு முன் சிறு படகில் சென்று கண்ட கரையை வானிலிருந்து கண்டார்.

போருக்குப்பின் அயர்லாந்து விடுதலை இயக்கத்தில் முழுவதும் சேர்ந்தார். 1921-இல் இலண்டனில் நடந்த உடன்படிக்கைப் பேச்சில் அயர்லாந்துத் தூதுக்குழுவின் செயலாளராயிருந்தார். ஆயினும் அவ்வுடன்படிக்கையை ஏற்க மறுத்தார். உள்நாட்டுப் போர் தொடங்கிற்று. ஆங்கிலேயர் அவரைத் துரோகி என்றனர். அயர்லாந்தின் புதிய அரசைச் சார்ந்தோர் அவரை ஆங்கிலேயன் என்றும் ஆங்கில அரசின் ஒற்றன் என்றும் பழித்தனர். 1922 நவம்பர் 10-ஆம் நாள், தாம் வளர்ந்த விக்லோ இல்லத்திலேயே அவர் பிடிபட்டார். சிறு கைத்துப்பாக்கி ஒன்றை உரிமமின்றி வைத்திருந்தமையே குற்றம். அத்துப்பாக்கி மைக்கேல் காலின்ஸ் முன்பு அன்பளிப்பாகத் தந்தது என்பர். படை நீதிமன்றம் இறப்புத் தண்டனை விதித்தது. மேல்முறையீடு முடிவுறுமுன்னரே, நவம்பர் 24-ஆம் நாள் டப்ளின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுடுவதற்கு நின்ற வீரர் ஒவ்வொருவரோடும் அவர் கைகுலுக்கினார். தம் தண்டனைக்கு ஒப்பமிட்டோருடனும் கைகுலுக்குதல் வேண்டும் எனப் பதினாறு வயது மகனிடம் சொல்லிச் சென்றார் என்பர். அம்மகனே 1973-இல் அயர்லாந்துக் குடியரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ்.

இவ்விறுதியைக் கொண்டு புதினத்தைப் பின்னோக்கிப் படித்து, டால்மன் என்னும் பாத்திரத்தில் ஆசிரியர் தம் எதிர்காலத்தையே வரைந்தார் என்று கூறுவாருமுளர். இதுவும் மேற்கூறிய பிழையின் மறுவடிவமே. 1903-இல் எழுதியவர் 1922-ஐ அறியார். டால்மன் நாட்டை மாற்றி மறைந்து வாழ்ந்தவன். சில்டர்ஸ் தம் கொள்கையை எவர்க்கும் மறைத்தவர் அல்லர். அந்நூலில் நாம் காணத்தகுவது வருவதுரைத்தல் அன்று. ஒருவன் இரு நாட்டிற்கு உரியவனாயின் அவனை எந்நாடும் நம்பாது என்னும் காலத்தின் கொடுமையை ஆசிரியர் இளமையிலேயே உணர்ந்திருந்தார் என்பதே. அவர் பேனா எழுப்பிய ஒற்றர் ஐயம் பல கைகளின் வழியே பெருகி, இறுதியில் அவர்மீதே வந்து விழுந்தது.

9. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை: ‘மணற்றிட்டுகளின் புதிர்’ ரோசைத் தளத்திற்குக் காரணம் என்னும் கூற்று நூலின் பின்குறிப்பாலேயே தள்ளுண்கிறது. பிராண்டன், டிரெஞ்ச் வழக்கில் அதன் செல்வாக்கிற்கு நேரிய சான்று உளது. ஒற்றர் அச்சம் பெருகியதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் பெரும்பங்கு அதனைப் பின்பற்றியெழுந்த தரங்குறைந்த கதைகட்கே உரியது. ஆசிரியரின் முடிவு நூலுக்கு உரையன்று.

இலக்கியத்தை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ள விழையும் இளம் ஆராய்ச்சியாளர், நூலின் காலத்தையும் நிகழ்ச்சியின் காலத்தையும் முதலில் அருகருகே வைத்து நோக்குவாராக. புகழ்பெற்ற கூற்றுகள் பல அவ்வொரு நோக்கினாலேயே உதிர்ந்துவிடும். உதிராது எஞ்சுவது சிறிதாயினும், அதன்மீது தயங்காமல் கட்டடம் எழுப்பலாம். மூடுபனியில் திசைகாட்டியை மட்டுமே நம்பித் துடுப்பு வலித்த அவ்விருவரும் மெமர்ட்டை அடைந்தது அவ்வாறே.